முதல் மீனைக் கையில் தர வேண்டும்

நேசையா சார் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குக் கணக்குப் பதிவியல் அவ்வளவுதான். கரும்பலகையில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் அப்படியே நிற்கும். நடுவில் ஆறு புகுந்துவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் நடந்த மாலை வகுப்பு அது. பகலில் கடையிலும் ஆபீஸிலும் வேலை பார்க்கிற பையன்கள் ஆறு மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பார்கள். நேசையா சாருக்கும் பகலில் வேறு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை கோயில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை தூண்டில், மற்ற நாளெல்லாம் கணக்கு என்று வாழ்ந்த மனிதர். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த, நூல் சுற்றும் ராட்டினம் வைத்த தூண்டில் ஒன்று அவரிடம் உண்டு. அதை ஒருநாள் வகுப்புக்கே எடுத்து வந்து காட்டினார்.

அன்றைக்குத்தான் சிவகணேஷ் அந்தப் பொய்யைச் சொன்னான்.

"நீ எப்படிடே? டவுன் ஆளுல்லா, சைவமா?" என்று சார் கேட்டார். சும்மாதான் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து கிங்ஸ்லி, "சார், அவன் தயிர்ச்சோறு சார். மீன் படத்தப் பாத்தாலே குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போவான்" என்றான். வகுப்பே சிரித்தது. சிவகணேஷும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "வீட்டுலதான் சார் சைவம். நான் வெளிய எல்லாம் சாப்பிடுவேன்" என்று சொன்னான்.

"பிடிச்சிருக்கியா?"

"சின்ன வயசுல வாய்க்கால்ல பிடிச்சிருக்கேன் சார்."

வாய்க்காலில் அவன் பிடித்தது தட்டான்பூச்சி. அதையும் வாலில் நூல் கட்டக் கை வராமல் விட்டுவிட்டவன். திருநெல்வேலி டவுனில் அவர்கள் தெருவுக்குள் மீன்காரி கூடையோடு வரமாட்டாள். தெருமுனையோடு திரும்பிவிடுவாள். அப்படிப்பட்ட தெரு.

சொன்ன பொய் அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. சாரோடு வழக்கமாகப் போகும் பாங்க்காரருக்குச் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஆவணி பிறந்து ஆற்றில் தண்ணீர் தெளிந்த நேரம். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சார் அவன் தோளில் கை போட்டு, "வாற சனிக்கிழமை முக்கூடல் போறேன். கூட வாறியா?" என்றார். வகுப்பில் அத்தனை பேர் இருக்க, கிங்ஸ்லி இருக்க, அவனைக் கேட்டார். பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தால்கூட அவனுக்கு அப்படி இருந்திருக்காது.

பஸ் நிறுத்தம் வரை நடந்தபடி சார் விவரம் சொன்னார். முக்கூடலில் சுடலையாண்டி என்று ஒருவர். ஆற்றில் எந்தக் கசத்தில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று பார்த்துக் கூட்டிப்போவார். தூண்டில் போட ஆசைப்படும் பாளையங்கோட்டை ஆபீஸர்கள், வாத்தியார்கள் எல்லாருக்கும் அவர்தான்.

"நாம துட்டு குடுத்துத்தான் போறோம். அதுக்காக நாம மொதலாளி இல்ல, கேட்டியா? ஆத்துல அவன் சொல்லுததுதான். நில்லுன்னா நில்லு, பேசாதன்னா பேசாத. தெரியாததத் தெரியும்னு சொல்லாத. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. முதல் மீன் யாரு தூண்டில்ல விழுந்தாலும் அது சுடலைக்கு. பிடிச்சவன் தன் கையால அவன் கையில குடுக்கணும். ரெண்டு கையாலயும்."

"பெரிய மீனா இருந்தா சார்?"

"பெருசா இருந்தா பெருசக் குடு. அதுதான் அங்கன உள்ள வழக்கம். துட்டு வாங்கும்போது கூட அவன் மூஞ்சில அந்தச் சந்தோசம் வராது. முதல் மீனக் கையில வாங்கிட்டாம்னா அன்னைக்குப் பூரா அவன் பேச்சே வேற."

சிவகணேஷ் எதையும் முறையாகச் செய்கிறவன். அந்த வாரம் முழுவதும் நல்லபடியாகப் போய்வருவதைப் பற்றியே யோசித்தான். வெள்ளைச் சட்டை போட்டால் மீன் மிரளும் என்று யாரோ சொன்னார்கள், பழைய பச்சைச் சட்டையை எடுத்து வைத்தான். மொட்டைமாடியில் ஒட்டடைக் கம்பை வைத்து வீசிப் பார்த்தான். அம்மாவிடம் சாரோடு ஆற்றுக்குப் போவதாக மட்டும் சொன்னான். சுடலையாண்டியை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட யோசித்து, அண்ணாச்சி என்று முடிவு செய்தான். எல்லாவற்றையும் யோசித்தவன் மீனை யோசிக்கவில்லை. அது உயிரோடு இருக்கும், ஈரமாக இருக்கும், அதைத் தன் கைதான் தூக்க வேண்டும் என்பது அவன் மனதில் ஏறவே இல்லை.

*

அது பஸ்களின் நெற்றியிலிருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அழித்துக்கொண்டிருந்த வருடம். தென்மாவட்டத்துச் சாதிச் சண்டை ஓய்ந்து ஓரிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதுப்பெயின்ட் காயாத பஸ் ஒன்றில் சாரும் அவனும் ஜங்ஷனில் ஏறினார்கள். பஸ்ஸில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முக்கூடலில் இறங்கியதும் சுடலையாண்டி நின்றார். ஐம்பது வயதிருக்கும். காக்கி டிரவுசர், தலையில் துண்டு, தோளில் மூங்கில் கம்புக் கட்டு, கையில் இரண்டு தூக்குவாளி.

"வாங்க சார்வாள். இதுதான் நீங்க சொன்ன தம்பியா? தூண்டிக்கம்பு தனியா எதுக்குக் கொண்டாந்தோம்? இவரையே நீட்டிப் பிடிச்சிரலாம் போலுக்கே."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். சிவகணேஷுக்கும் சிரிப்பு வந்தது. ஆளை அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

"நீச்சல் தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணாச்சி." இது நிஜம்.

"கம்பு பிடிச்சிருக்கியளா?"

"உண்டு அண்ணாச்சி. வாய்க்கால்ல."

"என்ன மீனு?"

"கெண்டை."

"வாய்க்கால்ல கெண்டையா, அயிரையா?"

"ரெண்டுந்தான்."

சுடலையாண்டி நடந்துகொண்டே அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லிரணும், பாத்துக்கிடுங்க. ஆத்துல வெக்கம் பாக்கக் கூடாது. போன வருசம் ஒரு ஆபீசர் நீச்சல் தெரியும்னாரு. அவரு வேட்டியப் பிடிச்சு இழுத்தேன். வேட்டி வந்துட்டு, ஆளு வரல. பொறவு முடியப் பிடிச்சுல்லா இழுத்தேன்."

"முடி இருந்துச்சா அவருக்கு?" என்றார் சார்.

"இருந்துச்சு. இப்ப இல்ல."

வாழைத்தோப்புக்குள் நுழைந்து வரப்போடு போனார்கள். வீட்டு வாசல்களில் பெண்கள் பீடி இலைத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு வாசலைக் காட்டி, "அங்கன சிவப்புச் சேலையில இருக்கதுதான் நம்ம வீட்டம்மா, அன்னத்தாயி" என்றார் சுடலையாண்டி. அந்த அம்மாள் தட்டிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டி, "வாங்க சார், வாங்க தம்பி. சாப்பாடு தூக்குல இருக்கு, மிச்சம் வைக்காதீய" என்றாள்.

ஆறு அங்கே ஒரு திருப்பம் திரும்பியது. திருப்பத்தில் மருதமரங்களுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. அதுதான் கசம். ஆறே தனக்கென்று தோண்டிக்கொண்ட பள்ளம். சாரைப் பாறையில் உட்கார வைத்தார் சுடலையாண்டி. சிவகணேஷை மரத்தடியில் மணலில் நிறுத்தினார். இலை போட்டு மூடியிருந்த தேங்காய்ச் சிரட்டையைத் திறந்து மண்புழுவை நீட்டினார். அவன் பார்வை போன போக்கைப் பார்த்து, "மாவு உருண்டையும் இருக்கு" என்று அவராகவே கொக்கியில் மாவைக் குத்திக் கொடுத்தார். லேசாகச் சிரித்ததோடு சரி.

கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது. மீன் எதுவும் கடிக்கவில்லை. "வயித்துக்குப் போட்டுட்டுப் பாப்போம்" என்று சுடலையாண்டி தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோறு, முந்தின நாள் கெளுத்திக் குழம்பு. மூடியைத் திறந்த கையோடு வாசம் வந்தது. சாரின் முகம் மலர்ந்தது.

"சார்வாள் இந்தக் குழம்புக்குத்தான் வாராரு. மீனுக்கா வாராரு?" என்றபடி தேக்கு இலையில் சோற்றைப் பிழிந்து வைத்தார் சுடலையாண்டி. "தம்பி, உக்காருங்க."

"எனக்கு வயிறு சரியில்ல அண்ணாச்சி."

"அடடா. என்ன செய்யுது?"

"ராத்திரியிலயிருந்தே ஒரு மாதிரி."

"அப்ப இதக் குடிங்க." அவர் இன்னொரு தூக்குவாளியைத் திறந்தார். "சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டது. வயித்துவலிக்கு இதுக்கு மேல மருந்து கிடையாது." எவர்சில்வர் தம்ளரை ஆற்றில் கழுவி, துண்டு நுனியால் துடைத்து, ஆவி பறக்க ஊற்றி நீட்டினார்.

சிவகணேஷின் கை நீண்டது. பாதி தூரம் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி. பொறவு பாத்துக்கிடுதேன்."

ஒரு நிமிடம் தம்ளர் அப்படியே நின்றது. பிறகு சுடலையாண்டி காப்பியைத் திரும்பத் தூக்குவாளிக்குள் ஊற்றி மூடினார். சார் சோற்றில் கவனமாக இருந்தார்.

பையில் கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு மரத்தடிக்குத் திரும்பிய சிவகணேஷ், காப்பியை எதற்கு வேண்டாம் என்றோம் என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். மீன் வாடை அடித்திருக்கும் என்று ஒரு பதில் வந்தது. அடித்ததா என்று அவன் முகர்ந்து பார்த்திருக்கவில்லை. அந்தப் பதிலோடு விட்டுவிட்டான்.

*

தக்கை ஒரு தடவை துள்ளியது. பிறகு காணாமல் போனது.

"இழுக்காதீய, விடுங்க… விடுங்க… இப்ப!" என்று சுடலையாண்டி கத்தினார். சிவகணேஷ் இழுத்தான். கம்பு வளைந்தது. தண்ணீருக்குள்ளே யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. பயமும் சந்தோஷமுமாக அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடியில் ஒட்டடைக் கம்போடு பழகியதெல்லாம் மறந்து போயிற்று. சுடலையாண்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, "பைய… பைய வாங்க… பின்னால நடங்க" என்று சொல்லச் சொல்ல அவன் பின்னால் நடந்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை, வெயிலில் மின்னிக்கொண்டு மணலோரம் வந்தது.

"ஏ யப்பா!" பாறையிலிருந்து சார் எழுந்து நின்று கைதட்டினார். "ஏலே சிவகணேசு, அடிச்சிட்டியேடே! முதல் மீன்! கையில குடு, சுடலை கையில குடு!"

சுடலையாண்டி கொக்கியைக் கழற்றினார். வழக்கப்படி மீனைத் தரையில் வைக்காமல் ஓரத் தண்ணீரிலேயே பிடித்து, சிவகணேஷின் இரண்டு கைக்குள்ளும் வைத்தார். பிறகு துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் எதிரே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. சார் சொன்ன சந்தோஷம் அதுதான்.

மீன் குளிர்ந்திருந்தது. வழவழவென்று இருந்தது. அதைவிட, அது கைக்குள் மூச்சு விட்டது. வாய் திறந்து மூடியது. உள்ளங்கையில் அந்த அசைவு பட்டதும் சிவகணேஷின் உடம்பு முழுவதும் சிலிர்த்துப் பின்வாங்கியது. கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வாரம் முழுவதும் யோசித்தது அதைத்தானே. இரண்டு அடி தூரத்தில் அந்தக் கைகள் இருந்தன. ஆனால் அவன் கை விரிந்துவிட்டது. மீன் சுடலையாண்டியின் காலடியில் மணலில் போய் விழுந்தது. விழுந்ததும் சிவகணேஷ் அவசரமாக இரண்டு எட்டு பின்னால் போய்க் கையைச் சட்டையில் துடைத்தான்.

துடைத்திருக்க வேண்டாம். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுடலையாண்டியின் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. சிரிப்பு எப்போது போனது என்று சொல்ல முடியாது, போயிருந்தது. மீன் மணலை வாரி அடித்துத் துள்ளியது.

"கீழ போட்டுட்டியளே" என்றார் மெதுவாக.



சுடலையாண்டி குனிந்து மீனை எடுத்தார். மணலைக் கழுவினார். கசத்தைப் பார்த்து அதை விட்டார். அது ஒரு கணம் மயங்கி நின்று, பிறகு கறுப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஏன் சுடலை? ஏன் விட்டுட்ட?" சார் பாறையிலிருந்து கேட்டார்.

"கையில வாங்கினாத்தான் சார்வாள் அது முதல் மீன். கீழ கெடந்து பொறுக்கினா அதுக்கு வேற பேரு." பிறகு சிவகணேஷைப் பார்த்து, "கம்பக் குடுங்க ஐயா. மாவு குத்தித் தாரேன்" என்றார்.

ஐயா. காலையிலிருந்து தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

*

அதற்குப் பிறகு சுடலையாண்டி ஒரு வேலையையும் குறை வைக்கவில்லை. மாவு குத்திக் கொடுத்தார். நிழல் நகர நகர இடம் மாற்றி உட்கார வைத்தார். ஆனால் அந்த ஆபீசரின் முடிக்கதை மாதிரி ஒரு கதை வரவில்லை. சாருக்கு இரண்டு மீன் விழுந்தது. அதற்கும் சத்தம் எழவில்லை.

சுடலையாண்டி ஆற்றோடு கொஞ்சம் மேலே போன நேரத்தில் சார் அவனருகே வந்தார்.

"ஏன்டே அப்படிச் செஞ்ச?"

"வழுக்கிட்டு சார்."

"வழுக்கினா சரி. கையத் துடைச்சியே, அது?"

சிவகணேஷ் தண்ணீரைப் பார்த்தான். சார் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வருசம் ஊரு இருக்க இருப்புக்கு, புதுசா ஒருத்தனக் கூட்டியாரேன்னதும் சுடலை கேட்டான். பையன் எப்படிப்பட்டவன் சார்வாள்னு கேட்டான். அவன் என்ன கேக்கான்னு எனக்குத் தெரியும். நம்ம பையன், வித்தியாசம் பாக்க மாட்டான், எல்லாம் சாப்பிடுவான், உன் வீட்டுக் குழம்ப வழிச்சு நக்குவான்னு சொன்னேன். அன்னத்தாயி உனக்குன்னு ஒரு கைப்பிடி கூடப் பொங்கியிருக்கா." அவர் சொல்லிவிட்டுப் பாறைக்குப் போய்விட்டார்.

சிவகணேஷ் வெகுநேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து எதிரே நின்றவர் கண்ணால் பார்த்தான். சோறு வேண்டாம் என்றது. காப்பி வேண்டாம் என்றது. கையில் தராமல் காலடியில் போட்டது. கையைத் துடைத்தது. டவுனிலிருந்து வந்த பையன். பார்க்கிறவனுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் உடம்பே லேசானது. கம்பை மரத்தில் சாய்த்துவிட்டு ஆற்றோடு மேலே நடந்தான்.

சுடலையாண்டி ஒரு வேரில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார். காலையில் இந்த மரியாதை இல்லை.

"அண்ணாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். எங்க வீட்டுல சைவம். நானும் சைவந்தான். மீனத் தொட்டதே கிடையாது. சார்கிட்டயும் சொல்லல. சிரிப்பாங்கன்னு… அதான் சோறும் சாப்பிடல. மீனு கைக்குள்ள அசையவும் பதறிப் போட்டுட்டேன். வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

சுடலையாண்டி பீடியை ஒரு இழுப்பு இழுத்தார்.

"சைவமா?"

"ஆமா அண்ணாச்சி."

"முதல்லயே சொல்லிருக்கலாம்லா? சைவக்காரங்க எத்தன பேரு வாராக. மீனப் பிடிச்சு, பாத்து, விட்டுட்டுப் போவாக. அன்னத்தாயி பொரிகடலத் துவையல் அரச்சுக் குடுத்து விட்டிருப்பா. முதல் மீன நான் துண்டுல வாங்கிக்கிடுவேன். இதுல என்ன இருக்கு?"

"தப்புத்தான் அண்ணாச்சி."

"சரி." அவர் பீடியை மணலில் குத்தி அணைத்தார். பிறகு அவனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப காப்பியில என்ன மீனா கெடந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார். அதனால்தான் சிவகணேஷ் அந்தக் காப்பியை மறுபடி நினைத்துப் பார்த்தான். சுக்கு, கருப்பட்டி, தண்ணீர். கழுவித் துடைத்த தம்ளர். வாடை ஒன்றும் இல்லை. அவன் கை நீண்டதும் திரும்பியதும் அவன் யோசிக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது.

அவனுக்கு வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்தது. பாத்திரம் தேய்க்க வரும் உலகம்மாளுக்கென்று ஒரு தம்ளர், கிணற்றுச் சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா மேலேயிருந்து காப்பியை அதில் ஊற்றுவாள். குடித்ததும் உலகம்மாளே கழுவி அங்கேயே கவிழ்ப்பாள். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. எடுக்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்கு எத்தனையோ தடவை ஓடியவன், ஒரு தடவைகூடத் தெரியாத்தனமாக அந்தத் தம்ளரை எடுத்ததில்லை.

"தெரியல அண்ணாச்சி" என்றான். அன்றைக்கு அவன் அவரிடம் சொன்னதில் மிகவும் நிஜமானது அதுதானா, அதுவும் இன்னொரு பொய்யா என்று அவனுக்கே விளங்கவில்லை.

சுடலையாண்டி தலையை ஆட்டினார். "வாங்க, வெயில் சாயப் போகுது" என்று முன்னால் நடந்தார்.

*

கம்புகளைக் கட்டும்போது சிவகணேஷ் தூக்குவாளிப் பக்கம் போனான்.

"அண்ணாச்சி, காப்பி இருக்கா?"

"ஆறிப் போச்சே."

"பரவால்ல."

சுடலையாண்டி சாரைப் பார்த்தார். சார் ராட்டினத்தைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். சுடலையாண்டி தம்ளரைக் கழுவினார். காலையில் துடைத்த மாதிரியே துடைத்தார். ஊற்றினார். ஆனால் இந்தத் தடவை நீட்டவில்லை. பாறையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவனாகவே எடுத்துக்கொண்டான்.

அடியில் சுக்கு மண்டியிருந்தது. கருப்பட்டி கசப்பேறிக் கிடந்தது. ஒரே மூச்சில் குடித்தான்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

"நல்லா இருக்காது" என்றார் சுடலையாண்டி. "ஆறின காப்பி எப்படி நல்லா இருக்கும்? காலையில இருந்து இதத்தான செய்யுதிய. இல்லாதத எதுக்குச் சொல்லுதிய?"

சிவகணேஷின் முகம் காது வரை சூடேறியது.

"நல்லா இல்ல அண்ணாச்சி."

"ம்." அவர் தம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.

திரும்பும் வழியில் சிவப்புச் சேலையில் அன்னத்தாய் இன்னும் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன தம்பி, குழம்பு எப்படி?" என்றாள். சிவகணேஷ் நின்றான். நல்லா இருந்துச்சு அக்கா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுடலையாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தவர், நடையை நிறுத்தினார். ஆனால் திரும்பவில்லை.

"நான் சாப்பிடல அக்கா. சைவம். முதல்லயே சொல்லாம விட்டுட்டேன்."

"அட, தெரிஞ்சிருந்தா துவையல் அரச்சிருப்பேனே. பட்டினியாவா நின்னிய?" அந்த அம்மாளின் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. அதைப் பார்த்தபோது, அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பஸ் வந்தது. சுடலையாண்டி சாரின் மீன்களைத் தாமரை இலையில் கட்டிப் பையில் வைத்துக் கொடுத்தார். தன் கூலியை வாங்கி எண்ணாமல் மடியில் செருகினார். முதல் மீன் இல்லாத வெறுங்கையோடு அவர் வீட்டுக்குத் திரும்புவது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அடுத்த மாசம் வாங்க சார்வாள்" என்றார். "நீங்க வாங்க."

சிவகணேஷைப் பார்த்துக் கும்பிட்டார். காலையில் பார்த்ததும் கேலி செய்தவர், போகும்போது கும்பிட்டார். அவனும் கும்பிட்டான். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பேட்டை தாண்டும்போது ஒரு தடவை கண்ணைத் திறந்து, "சைவம்னா சைவம்னு சொல்றதுக்கு என்னடே?" என்றார். சுடலையாண்டி காப்பி விஷயத்தைச் சாரிடம் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. அவனும் சொல்லவில்லை.

*

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைத்தாயிற்று. அம்மா சங்கரி கூடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கலே ஆத்துல? குறுக்குத்துறையா?"

"இல்லம்மா. முக்கூடல். சார்கூட மீன் பிடிக்கப் போனேன்."

இதையாவது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று பஸ் இறங்கி நடந்து வரும்போதே முடிவு செய்திருந்தான். அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

அம்மா பூவை மடியில் போட்டாள். "மீன் பிடிக்கவா? சிவனே. தொட்டியாலே?"

"கையில வச்சாங்க. கீழ போட்டுட்டேன்."

"அங்கன எதுவும் தின்னியா?"

"இல்ல. வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் தெளிந்தது. எழுந்து வந்து அவன் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "வாத்தியாரு கூப்பிட்டா போகாம இருக்க முடியாது, எனக்குத் தெரியாதா? போன இடத்துல எப்படி நடந்துக்கிடணுமோ அப்படி நடந்துக்கிட்ட பாத்தியா? அதான் என் பிள்ள. போய்க் குளிச்சிட்டு வா, காப்பி கலக்குதேன்."

சிவகணேஷ் பின்கட்டுக்குப் போனான். கிணற்றடியில் இருட்டியிருந்தது. மாடத்தில் உலகம்மாளின் தம்ளர் கவிழ்ந்திருந்த இடம் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினான். உள்ளேயிருந்து அம்மா காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. "சீக்கிரம் வாலே, ஆறிரும்" என்று கூப்பிட்டாள். அவன் கயிற்றைப் பிடித்தபடி, நிறைந்த வாளியை மேலே இழுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.